மேல் எல்லை எழுதாத பத்திரம்: ஹெலிகேமிலும் லேசரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் கிரயப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வடக்கே இன்னார் மனை, தெற்கே 20 அடி ரோடு, கிழக்கே காலி மனை, மேற்கே வாய்க்கால் என்று நான்கெல்லையும் அளவோடு இருக்கும். மேலே எதுவரை என்று ஒரு வரிகூட இருக்காது. அந்த எழுதாத எல்லையில்தான் பத்து வருடமாக என் பிழைப்பு ஓடுகிறது. கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் என்று எது நடந்தாலும் மேலேயிருந்து படம் எடுப்பவன் நான். சட்டத்தில் அதற்குப் பெயர் ட்ரோன். எங்கள் தொழிலில் ஹெலிகேம்.

சில மாதம் முன்பு செங்கல்பட்டு தாண்டி ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். பொழுது சாய்கிற நேரம். சீரியல் லைட் போட்ட மண்டபம் முழுவதும் ஒரே ஃபிரேமில் வர வேண்டும் என்பதற்காக ஹெலிகேமைப் பின்னால் இழுத்துப் பக்கத்துத் தெருவின் மேல் நிறுத்தியிருந்தேன். திடீரென்று ரிமோட் திரை முழுக்கப் பச்சை. அப்புறம் மண்டபம் தெரிந்தது. மறுபடி பச்சை. கீழே ஏதோ ஒரு மொட்டை மாடியிலிருந்து லேசர் அடிக்கிறார்கள் என்று புரிய நாலைந்து வினாடி ஆனது. அதுவரை ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள இயந்திரத்தை, கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு தெருவின் மேல் நிறுத்தியிருந்தேன்.

இறக்கிவிட்டு அந்த வீட்டைத் தேடிப் போனேன். சண்டைக்குத்தான் போனேன். கதவைத் திறந்தவர் கையிலேயே லேசர் இருந்தது. "பத்து நிமிஷமா எங்க மாடிக்கு நேர் மேல நிக்குது. வத்தல் எடுக்கப் போன அம்மா பாதியிலேயே இறங்கி வந்துட்டாங்க. உங்களுக்கு அது படம் சார், எங்களுக்கு இது வீடு" என்றார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் செய்தது தப்பு. நான் செய்தது அதற்கு முந்தைய தப்பு. வீட்டுக்குத் திரும்பி யோசித்தபோது, அந்தப் பத்து நிமிடத்துக்குள் இரண்டு தரப்பிலும் நடந்த தவறுகளே ஒரு கட்டுரைக்குத் தேறும் என்று தோன்றியது.

வானம் பொது என்று நானும், வானமும் என்னுடையது என்று அவரும்

நிலம் யாருடையதோ அவருக்கே அதற்கு மேலுள்ள வானமும், கீழுள்ள பாதாளமும் சொந்தம் என்று ஐரோப்பாவில் ஒரு பழைய சட்டவாசகம் உண்டு. விமானம் வரும்வரை அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ அருகே காஸ்பி என்பவர் கோழிப்பண்ணை வைத்திருந்தார். பக்கத்து விமானத் தளத்துக்கு வரும் ராணுவ விமானங்கள் அவர் நிலத்துக்கு 83 அடி உயரத்தில் இறங்கின. சத்தத்தில் மிரண்ட கோழிகள் சுவரில் மோதி மோதி 150 வரை செத்தன. பண்ணையை மூட வேண்டியதாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1946-இல் வந்த தீர்ப்பு, வானம் முழுக்க நிலத்துக்காரருக்கு என்ற பழைய வாசகத்துக்கு இன்றைய உலகில் இடமில்லை என்றது. அதே தீர்ப்புதான், நிலத்தை ஒருவர் அனுபவிக்கத் தேவையான அளவு மேல்வெளி அவருடையது, அதற்குள் நுழைந்து தொல்லை கொடுத்தால் நஷ்டஈடு உண்டு என்றும் சொன்னது.

இங்கிலாந்தில் 1977-இல் தீர்ப்பான பெர்ன்ஸ்டீன் வழக்கும் ஏறத்தாழ இதே இடத்தில் வந்து நின்றது. ஒரு நிறுவனம் விமானத்தில் போய் பெர்ன்ஸ்டீன் என்பவரின் வீட்டைப் படம் எடுத்து, அவரிடமே விற்க வந்தது. பல நூறு அடி உயரத்தில் பறந்து ஒரு படம் எடுத்தது அத்துமீறல் ஆகாது என்று அவர் வழக்கு தோற்றது. ஆனால் ஒருவர் வீட்டை ஓயாமல் மேலிருந்து கண்காணித்துப் படமெடுத்தால், அதைத் தொல்லை என்று வேறு விதமாகப் பார்க்க நேரிடும் என்றும் நீதிபதி சொல்லிவைத்தார். நம் நாட்டின் 1934-ஆம் வருட விமானச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும், நியாயமான உயரத்தில் பறந்துபோன ஒரே காரணத்துக்காக அத்துமீறல் வழக்குப் போட முடியாது என்றுதான் சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2024-ஆம் வருடப் புதிய விமானச் சட்டம் இருக்கிறது.

இதையெல்லாம் பாதி தெரிந்துவைத்துக்கொண்டு, "வானம் பொது சார்" என்று வசனம் பேசுகிறவர்கள் எங்கள் தொழிலில் நிறைய. பறந்து கடப்பது வேறு, ஒரு மாடிக்கு மேல் பத்து நிமிடம் நிற்பது வேறு. நான் செய்தது இரண்டாவது. நியாயமான உயரம் என்ற சொல்லை 5,000 அடியில் போகும் விமானத்தை மனதில் வைத்து எழுதினார்கள். தென்னை மர உயரத்தில் ரீங்காரம் போட்டுக்கொண்டு நிற்கும் சாமானுக்கு அதைக் கேடயமாகப் பிடிப்பது எடுபடாது.

இதில் ஹெலிகேம்காரர்களே கவனிக்காத ஒன்று உண்டு. "நான் மண்டபத்துக்கு மேலதான் சார் நிறுத்தியிருந்தேன்" என்பார்கள். ஹெலிகேம் எங்கே நிற்கிறது என்பதைவிடக் கேமரா எதுவரை பார்க்கிறது என்பதுதான் விஷயம். 24 மில்லிமீட்டர் லென்ஸ் என்று விற்கிறார்களே, அதை 60 மீட்டர் உயரத்திலிருந்து நேர்கீழே திருப்பினால் தரையில் 90 மீட்டர் அகலம் ஃபிரேமுக்குள் வரும். 40-க்கு 60 அடி மனைகளை வரிசையாக அடுக்கினால் ஏழு மனை. கேமராவைச் சற்று நிமிர்த்தினால் தெருவே வரும். ஏழு வீட்டு மாடியில் யார் துணி காயப்போடுகிறார், யார் தலை துவட்டுகிறார் என்பதெல்லாம் மெமரி கார்டில் ஏறிவிடும். 4கே தரத்தில் எடுத்ததை எடிட்டிங்கில் பெரிதாக்கிப் பார்த்தால், எடுக்கும்போது தெரியாததும் தெரியும்.

சட்டம் இங்கேதான் கடுமையாகிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. ஒரு பெண் யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் தனிமையில் இருப்பதைப் பார்ப்பதோ படம் எடுப்பதோ, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு தனி. ட்ரோன் விதிகளை எல்லாம் ஒழுங்காகப் பின்பற்றினேன் என்பது இந்தப் பிரிவுகளுக்குப் பதில் ஆகாது.

அந்தரங்கத்தோடு இடமும் சேர்ந்தது. வானத்தில் யாரைக் கேட்பது என்ற கேள்வி இருக்கலாம்; எந்த மாடியிலிருந்து ஏற்றுகிறோம், எங்கே இறக்குகிறோம் என்பதில் சந்தேகமே கிடையாது. அது அடுத்தவர் இடமென்றால் அவரைக் கேட்டாக வேண்டும். விழுந்த ஹெலிகேமை எடுக்கச் சுவரேறிக் குதிப்பதும் அதே கணக்குத்தான்.

"249 கிராம்தானே"

2021 ஆகஸ்ட் 25 முதல் ட்ரோன் விதிகள் அமலில் இருக்கின்றன. 250 கிராம் வரை நேனோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது என்று எடையை வைத்து வகை பிரித்திருக்கிறார்கள். நேனோவுக்கு விமானிச் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் தரப்பு காப்பீடும் வேண்டாம். இந்த இரண்டு சலுகையைப் பிடித்துக்கொண்டு, "249 கிராமுக்குச் சட்டமே கிடையாது" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பறக்கத் தடை உள்ள பகுதி நேனோவுக்கும் தடைதான். அதோடு எடை என்பது ஏற்றிய சாமானோடு சேர்த்து. அதிக நேரம் பறக்கட்டும் என்று பெரிய பேட்டரி போட்டால் 249 கிராம் ஹெலிகேம் 290-ஐத் தொட்டுவிடும். விசிறிக்குக் காப்பு வளையம், லென்ஸுக்கு ஃபில்டர் என்று சேர்த்தாலும் அப்படித்தான். வகை மாறிவிடும்.

மைக்ரோவில் இன்னொரு பள்ளம். சொந்த ஆசைக்குப் பறக்கவிட்டால் சான்றிதழ் வேண்டாம். காசுக்குப் பறக்கவிட்டால் வேண்டும். கல்யாண பேக்கேஜில் ஆல்பத்தோடு ஹெலிகேம் இலவசம் என்று எழுதிவிட்டால் அது தொழில் இல்லை என்று நினைக்கிற ஸ்டூடியோக்காரர்களை எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு தேறிய, 18 வயது நிரம்பியவர் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் படித்து வாங்கிவிடலாம். சான்றிதழ் பத்து வருடம் செல்லும். விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

அப்புறம் மண்டலம். பச்சை என்றால் 400 அடி வரை அனுமதி தேவையில்லை. மஞ்சள் என்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிடம் கேட்க வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் முடியாது. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே அனுமதி வேண்டும். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் மஞ்சள். என் வீடு குரோம்பேட்டையில். பல்லாவரம், கிண்டி, மீனம்பாக்கம் என்று எங்கள் பக்கத்து மண்டபம் எதிலும் கேட்காமல் ஓரடிகூட ஏற்றக் கூடாது. பக்கத்திலேயே தாம்பரம் விமானப் படைத் தளம் வேறு. ஹெலிகேமை ஏழு கடல் தாண்டி வாங்கிவந்தாலும் சொந்த ஊரில் பறக்கவிட முடியாத ஊர்க்காரன் நான். அதுசரி, வாங்கிவருவதும் இப்போது எளிதில்லை: 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வரும் மாமாவிடம் சொல்லிவிட்டால் சுங்கத்தில் மாட்டிக்கொள்வது அவர்தான்.

நேற்று பச்சையாக இருந்த இடம் இன்றும் பச்சையாக இருக்கும் என்று நம்பாதீர்கள். முக்கியப் பிரமுகர் வருகை, பெரிய திருவிழா என்றால் காவல்துறை தற்காலிகமாகச் சிவப்பு என்று அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை. மண்டலங்களைக் காட்டும் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வரைபடத்தைப் பறக்கவிடும் அன்று காலையில் பார்ப்பதுதான் பார்ப்பது.

உயரக் கணக்கிலும் ஒரு ஏமாற்று உண்டு. திரையில் காட்டும் உயரம் ஹெலிகேம் கிளம்பிய இடத்திலிருந்து. நாலாவது மாடியிலிருந்து கிளப்பினால் அங்கே பூஜ்யம். தரையிலிருந்து ஏற்கெனவே 40 அடி மேலே இருக்கிறீர்கள். இதே கணக்குப் பிழை, சிக்னல் போனதும் தானாக வீடு திரும்பும் வசதியில் ஆளையே கவிழ்க்கும். திரும்பும் உயரம் 30 மீட்டர் என்று பெட்டியில் வந்தபடியே விட்டிருப்பார்கள். நடுவில் செல்போன் கோபுரமோ கோயில் கோபுரமோ இருந்தால், அது நேர்கோட்டில் வந்து மோதும். சுற்றிப் போகும் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். பொழுது சாய்ந்த பிறகு அந்த சென்சார்களுக்கும் கண் மங்கும். 30 மீட்டரிலிருந்து விழும் சாமான், காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். காற்று கொஞ்சம் குறைக்கும். தலையில் விழுந்தால் அந்தக் கொஞ்சம் பெரிதாக உதவாது.

லேசர் அடித்து விரட்டுவது

இப்போது அந்த மாடிக்காரர் பக்கம். ஹெலிகேமைப் பார்த்ததும் கல்லெடுப்பது, உண்டிவில், காற்றுத் துப்பாக்கி, இப்போது லேசர் என்று போய்க்கொண்டிருக்கிறது. சீண்டியது எதிராளிதான் என்றாலும், அவர் பொருளை உடைத்தால் சொத்துச் சேதக் குற்றம் உடைத்தவர் மேல். சிக்னலை முடக்கும் ஜாமர் இணையத்தில் கிடைக்கிறது என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். தனியார் ஜாமர் வைத்திருப்பதே இங்கே சட்டவிரோதம்.

லேசர் இதில் எல்லாவற்றையும்விட மோசம். காரணம் எளிது: கல் எங்கேயாவது விழுந்துவிடும், லேசர் நிற்காது. 60 மீட்டர் தூரத்தில் உள்ளங்கை அகலப் பொருளின் மேல் கையில் பிடித்த பேனாவை நிலையாக வைக்க யாராலும் முடியாது. பத்து தடவை அடித்தால் ஒன்பது தடவை ஒளி ஹெலிகேமைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருக்கும். மலிவான லேசர் கற்றை ஒரு கிலோமீட்டர் போனால் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் விரியும். 3 கிலோமீட்டரில் 3 மீட்டர். விரிந்துவிட்டதே, வலு போய்விடுமே என்று தோன்றும். 5 மில்லிவாட் பச்சை லேசரே மூன்றரை கிலோமீட்டர் வரை விமானியின் கவனத்தைச் சிதறடிக்கும் அளவு வெளிச்சம் கொண்டது. 50 மில்லிவாட் என்றால் 11 கிலோமீட்டர்.

விமானி அறையில் அது புள்ளியாகத் தெரியாது. முன் கண்ணாடியில் உள்ள நுண்ணிய கீறல்களில் பட்டுச் சிதறி, கண்ணாடி முழுவதும் பச்சையாகப் பற்றிக்கொள்ளும். இருட்டுக்குப் பழகிய கண் அதன்பிறகு சில வினாடி எதையும் பார்க்காது. இறங்கும் விமானம் ஓடுதளத்துக்கு 3 கிலோமீட்டர் முன்னால் இருக்கையில் ஏறக்குறைய 150 மீட்டர் உயரத்தில் இருக்கும். தரையைத் தொட 40 வினாடி சொச்சம். சென்னையில் கிண்டி, பரங்கிமலை மேலே இறங்கி வரும் விமானங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த உயரம் தெரியும். 2025-இல் அந்தப் பக்கமிருந்து தரையிறங்கும் விமானங்கள் மேல் லேசர் அடித்தது செய்தியானது. அமெரிக்காவில் 2023-இல் மட்டும் 13,304 தடவை விமானங்கள் மேல் லேசர் பட்டதாக விமானிகள் புகார் செய்திருக்கிறார்கள். அங்கே அதற்கு ஐந்தாண்டு வரை சிறை.

என் திரை பச்சையானபோது நான் அனுபவித்ததும் இதன் சிறிய வடிவம்தான். ஹெலிகேமை ஓட்டுபவனின் கண் அந்தக் கேமரா. அதைக் குருடாக்கினால் ஹெலிகேம் போய்விடாது. எங்கே விழும் என்று தெரியாத ஒன்றாக மாறும். முதலில் விழக்கூடிய இடம், லேசர் அடித்தவரின் மாடியேதான்.

பேனா அளவு இருக்கிறது என்று நம்புவது

அந்த லேசரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். திருவிழாக் கடையில் வாங்கியது. முனையில் ஒரு மூடி. அது இருந்தால் சுவரில் நட்சத்திரப் புள்ளிகள் விழும், கழற்றினால் ஒற்றைக் கோடு. உடம்பில் மஞ்சள் ஸ்டிக்கரில் 5 மில்லிவாட்டுக்குக் கீழ் என்று இருந்தது. வீட்டில் குழந்தைகள் இதை வைத்துப் பூனைக்குப் போக்குக் காட்டுகிறார்களாம்.

அந்த ஸ்டிக்கரை நம்புவதுதான் லேசர் விஷயத்தில் நாம் செய்யும் பெரிய தவறு. உலகம் முழுக்க லேசர்களை வகுப்பு பிரித்து வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 மில்லிவாட் வரை வகுப்பு 2. 5 வரை 3ஆர். 500 வரை 3பி. அதற்கு மேல் எல்லாம் 4. வகுப்பு 2-க்குப் பாதுகாப்பு நம் இமைதான்: வெளிச்சம் பட்டதும் கால் வினாடிக்குள் கண் மூடிக்கொள்ளும். 3பி-யில் இமை மூடுவதற்குள் வேலை முடிந்திருக்கும். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 122 லேசர் பேனாக்களை அளந்து 2013-இல் சொன்ன முடிவு: பச்சையில் ஏறக்குறைய 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் அந்நாட்டு விதிக்கு ஒத்துவரவில்லை. திருவிழாக் கடைப் பேனாவில் ஸ்டிக்கர் ஒட்டியவர் எதையும் அளந்திருக்கமாட்டார்.

பச்சையில் ஏன் இத்தனை கோளாறு? மலிவான பச்சைப் பேனாவுக்குள் பச்சை ஒளி நேரடியாகப் பிறப்பதில்லை. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒரு படிகத்தைத் தூண்டுகிறது. அது 1064 நானோமீட்டர் அகச்சிவப்பைத் தருகிறது. இன்னொரு படிகம் அதை 532 ஆக, அதாவது பச்சையாக மாற்றுகிறது. மிச்சமிருக்கும் அகச்சிவப்பைத் தடுக்கக் கடைசியில் ஒரு சின்ன ஃபில்டர் வைக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்க அதை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். நிஸ்ட் 2010-இல் சோதித்த ஒரு மலிவுப் பேனாவிலிருந்து பச்சை மங்கலாகத்தான் வந்தது. கூடவே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஏறக்குறைய 20 மில்லிவாட் வந்துகொண்டிருந்தது. கண் அதைப் பார்க்காது, ஆதலால் இமையும் மூடாது. "வெளிச்சமே கம்மி, செல் வீக்" என்று குழந்தை கையில் கொடுக்கும் பேனா இதுவாக இருக்கலாம்.

சூரியனை ஒரு கணம் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லையே, இது என்ன பண்ணும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பகலில் சுருங்கிய கண்மணி வழியாக நுழையும் சூரிய ஒளி ஏறக்குறைய 3 மில்லிவாட். அது விழித்திரையில் 0.16 மில்லிமீட்டர் அகல வட்டமாக விழுகிறது. லேசர் 5 மில்லிவாட்தான், ஆனால் விழும் புள்ளி 0.02 மில்லிமீட்டர். பரப்பு சுருங்கச் சுருங்க அடர்த்தி ஏறும். வகுத்துப் பார்த்தால் சூரியனைவிட நூறு மடங்குக்கு வரும். இரவில் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரிந்திருக்கும், கற்றை சிந்தாமல் உள்ளே போகும். விழித்திரையில் வலி தெரியும் நரம்பு இல்லை. சுட்டதே தெரியாமல் சுடும்.

கூலிங் கிளாஸ் போட்டால் போதும் என்பது அடுத்த நம்பிக்கை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி இன்னும் விரியும், கற்றையோ பெரும்பாலும் வந்து சேரும். லேசர் கண்ணாடி என்பது எந்த அலைநீளத்துக்கு, எத்தனை மடங்கு தடுக்கும் என்று எழுதியிருப்பது. பச்சைக்கு வாங்கியது நீலத்துக்கு உதவாது. பட்டறைகளில் அக்ரிலிக் வெட்டும் கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு ஒரு கண்ணாடிபோன்ற அக்ரிலிக் மூடியே நல்ல தடுப்பு. அதே மூடியை, அப்படி ஒன்று இல்லவே இல்லாததுபோல், ஃபைபர் லேசர் கடந்துவிடும். இயந்திரம் மாற்றியவர்கள் மூடியை மாற்ற மறக்கிறார்கள்.

ரிசப்ஷன் மேடை லேசர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது என் வயிற்றெரிச்சல். டிஜே வைக்கும் வண்ண லேசர்கள் பல வாட் சக்தி, வகுப்பு 4. உள்ளே வேகமாக ஆடும் கண்ணாடிகள் கற்றையை விசிறிக் காட்டுவதால் ஓரளவு தாங்குகிறது. அந்தக் கண்ணாடி ஒரு நொடி நின்றுபோனால் முழுக் கற்றையும் ஒரே இடத்தில் நிற்கும். அமெரிக்காவில் தனி அனுமதி இல்லாத நிகழ்ச்சியில் கூட்டம் நிற்கும் தரைக்கு 3 மீட்டர் மேலேதான் கற்றை போக வேண்டும். இங்கே ட்ரஸ் என்ற மேடைச் சட்டத்தில் மாட்டிக் கூட்டத்தின் முகத்துக்கே திருப்பி வைக்கிறார்கள், புகை போட்டால் பிரமாதமாக இருக்கும் என்பதற்காக. 2008 ஜூலையில் ரஷ்யாவில், மாஸ்கோவுக்கு வெளியே ஒரு திறந்தவெளி இசை விழாவில் மழைக்குக் கூடாரம் கட்டி, லேசரை அதன் உள்ளேயே அடித்தார்கள். ஏறக்குறைய 30 பேர் விழித்திரைக் காயத்தோடு கண் மருத்துவரிடம் போனார்கள்.

கேமராவும் ஒரு கண்தான். ஒரு கல்யாணத்தில் என் புதுக் கேமராவின் லென்ஸுக்குள் ஒரே ஒரு தடவை நீலக் கற்றை நுழைந்தது. அன்று முதல் எடுத்த எல்லாப் படத்திலும், மணப்பெண் நெற்றிக்குப் பக்கத்தில், மெல்லிசாக ஒரு ஊதாக் கோடு. சென்சார் மாற்றும் செலவைக் கேட்டுவிட்டுக் கேமராவையே மாற்றினேன். இப்போது டிஜே தம்பியிடம் முதலிலேயே கேட்டுவிடுவேன்: "தம்பி, லேசரை மேல தூக்கிக் கட்டு. முகத்துக்கு வேண்டாம்." கேட்பவர்கள் கேட்கிறார்கள். கேட்காவிட்டால், குழந்தைகளை முன்வரிசையில் உட்காரவிடாதீர்கள் என்று பெண் வீட்டாரிடம் சொல்லிவிடுவேன்.

யார் கண்ணிலாவது பட்டுவிட்டால், கண்ணைத் தேய்க்காமல், வேறு பக்கம் திரும்புங்கள். அப்புறம் ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு மாதக் காலண்டரின் கட்டங்களைப் பாருங்கள். நடுவில் கறுப்புப் புள்ளியோ, கோடுகள் வளைந்தோ தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவமனை. கோடு நேராகத் தெரிந்தாலும், பட்டது வலுவான லேசர் என்றால் போய்க் காட்டிவிடுவதே நல்லது. சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருப்பது வேண்டாம்.

அப்போ என்னதான் செய்வது

மாடிக்கு மேல் ஹெலிகேம் நின்றால், போனை எடுத்து அதைப் படம் எடுங்கள், நேரத்தோடு. அப்புறம் சுற்றிப் பாருங்கள். ஓட்டுபவர் பெரும்பாலும் அருகிலேயே ஒரு மாடியிலோ மைதானத்திலோ தலையைக் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நேரில் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் மன்னிப்புக் கேட்டு இறக்கிவிடுவார்கள். மற்றவர்களுக்கு 112. எந்த நேரம், எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் போனது என்ற விவரம் இருந்தால் காவல் நிலையத்தில் புகார் நிற்கும்.

எங்கள் ஆட்களுக்கு நான் சொல்வது இதுதான்: முந்தின நாளே மண்டபத்தைச் சுற்றியுள்ள பத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நாளைக்கு மாலை ஆறு மணி வாக்கில் கால் மணி நேரம் பறக்கும், கேமரா மண்டபத்தைப் பார்த்துத்தான் இருக்கும் என்று சொல்லி, போன் நம்பரைக் கொடுங்கள். இரண்டு வீட்டில் காபி கிடைக்கும். ஒரு வீட்டில் வேண்டாம் என்பார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அன்று மாலை, பேச்சு தணிந்த பிறகு, அந்த வீட்டுப் பாட்டி உள்ளேயிருந்து வந்தார். "தம்பி, என்ன புடிச்சேன்னு காட்டு" என்றார். ரிமோட்டிலேயே ஓட்டிக் காட்டினேன். மண்டபம், சீரியல் லைட், தெரு. ஃபிரேமின் கீழ் ஓரத்தில் அவர் மாடி. விரித்த வெள்ளை வேட்டியில் வத்தல். குளித்துவிட்டு, ஈரத் துணியோடு, முடியை உதறிக்கொண்டு ஒருவர். சின்னதாகத்தான், ஆனால் யார் என்று தெரிந்தது.

"நான்தான்" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அழிச்சிரு."

கார்டிலிருந்து அழித்தேன். ரிமோட்டுக்குள் தானாகச் சேமித்து வைத்திருக்கும் சிறிய பிரதி ஒன்று உண்டு, நிறையப் பேர் அதை மறந்துவிடுவோம். அதையும் திறந்து காட்டி, அவர் பார்க்கவே அழித்தேன். மகன் அந்த லேசரின் பின்மூடியைத் திருகி, செல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீடியோ கொடுத்தபோது மாப்பிள்ளை வீட்டார், மண்டபம் முழுசாகத் தெரியும் ஷாட் எங்கே என்று கேட்டார்கள். அன்றைக்குக் காற்று அதிகம் என்று சொல்லி, ஹெலிகேமுக்கு வாங்கிய தொகையில் பாதியைக் குறைத்துக்கொண்டேன்.